ஏல நிபந்தனைகளை மறுபடி வாசித்த நாள்

அரசாங்கத் தாளில் இருக்கும் தமிழை யாராவது கேலி செய்தால் எனக்கு முதலில் கோபம் வரும், பிறகு சிரிப்பு வரும், கடைசியில் நானும் சேர்ந்துகொள்வேன். இத்தனை வருஷம் அதைத் தட்டச்சு செய்தே சாப்பிட்டவள் நான். காரைக்குடியை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் குத்தகை, ஏலம், ஒப்பந்தம் என்று வருகிற கோப்புகளெல்லாம் என் மேஜையில்தான் வந்து விழும். புளியமர மகசூல், வாரச்சந்தை வசூல், கண்மாய் மீன்பாசி என்று எதற்கு ஏலம் விட்டாலும் நிபந்தனைகளை அச்சடித்துத் தருவது என் வேலை. புதிதாக உட்கார்ந்து எழுதுவேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு முன்னால் இருந்தவர் வைத்துவிட்டுப் போனதில் தேதியை மாற்றுவேன். அவரும் அதைத்தான் செய்திருந்தார்.

மீன்பாசி ஏல நிபந்தனைதான் எல்லாவற்றிலும் பழையது. கண்மாயில் மீன் வளர்த்துப் பிடித்து விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விடும் தாள் அது. "ஏலம் எடுத்தவன்" என்று ஆரம்பிக்கும். அவன் இதைச் செய்ய வேண்டும், அவன் அதைச் செய்யக் கூடாது, அவனுடைய ஆட்கள் உபரித் தண்ணீர் வழியும் கலுங்கைச் சேதப்படுத்தினால் அவனே பொறுப்பு என்று ஒரே அவன் மயம். குத்தகைக் காலத்தில் அவன் இறந்துபோனால் அவனுடைய ஆண் வாரிசு மீதிக் காலத்துக்குத் தொடரலாம் என்று முடியும். ஆண் வாரிசு இல்லாதவன் இறந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி கிடையாது. அப்படிப்பட்டவன் சாகவே கூடாது என்று எழுதியவர் நினைத்தாரோ என்னவோ.

அந்தத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருவர் படித்ததை நான் பார்த்தது, புது வட்டார வளர்ச்சி அலுவலர் வந்த பிறகுதான். திருச்சிப் பக்கத்துப் பெண்மணி, நாற்பது வயது இருக்கும். சத்தம் போட்டுப் பேச மாட்டார். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் வரிக்கு வரி விரலை ஓட்டிப் படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். வந்த புதிதில் எங்களுக்கெல்லாம் இது பெரிய எரிச்சல். ஒரு கையெழுத்துக்காக அரைமணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றவர்களுக்குத்தான் தெரியும். அந்த விரலை எனக்குப் பிடித்துப்போனது ஒரு மனுவுக்குப் பிறகு.

மனுவோடு வந்தவரை நான் லாத்தா என்று கூப்பிடுவேன், முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மலேசியாவில் வேலை பார்த்துத் திரும்பிய அவருடைய கணவர் எங்கள் ஒன்றியத்துக் கண்மாய் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். குத்தகை அவர் பெயரில், கண்மாய் லாத்தா கையில். எந்தப் பண்ணையில் மீன்குஞ்சு வாங்குவது, எந்த மாசம் விடுவது, வலை இழுக்க யாரைக் கூப்பிடுவது எல்லாம் இவர் முடிவுதான். பிடித்த மீனைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு அமராவதிபுதூர், கண்டரமாணிக்கம் என்று இவரே போய் விற்றுவிட்டு வருவார். கட்லாவைத் தூக்கிப் பிடித்தே எடை சொல்வார் என்று வலைக்காரர்கள் பெருமை பேசுவார்கள். எடைபோட்டுத்தான் விற்பார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கண்மாயில் குஞ்சுகள் பாதி வளர்ந்திருந்த நேரத்தில் கணவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்து ஆட்கள் கலைவதற்குள்ளேயே, இனி யார் பேரில் குத்தகை, ஆண் வாரிசு யார் என்ற பேச்சு வாசலில் வந்துவிட்டது. லாத்தாவுக்கு ஒரே மகள். கணவனை இழந்தவர் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய இத்தாவில் லாத்தா இருந்ததால் வெளியே வந்து பேசவும் முடியாது. கணவருடைய தம்பி அலுவலகத்துக்கு வந்து தன் பெயரில் மாற்றிக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை, கிடைத்ததில் அண்ணன் வீட்டுக்கு உரியதைக் கொடுத்தவர்தான். ஆனால் மீனைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. எதற்கெடுத்தாலும் மதினிக்குப் போன் செய்து கேட்பார், கேட்டதை ஆட்களிடம் சொல்வார். கொஞ்ச நாளில் ஆட்கள் அவரை முதலாளி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். லாத்தா வீட்டில் உட்கார்ந்து போன் எடுக்கும் ஆளாகிவிட்டார்.

குத்தகை முடிந்து புது ஏலம் அறிவித்ததும் மனுவோடு நேராக அலுவலரிடம் வந்தார் லாத்தா. நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"ஏலம் எடுக்க ஆம்பளதான் வரணுமா மேடம்?"

"யார் அப்படிச் சொன்னது?"

"ஏலத்துக்கு முந்தி வாசிப்பாகள்ல, அதுல அப்படித்தான வருது. நான் வருசா வருசம் வெளிய வண்டில உக்காந்து கேட்டிருக்கேன்."

அலுவலர் என்னைப் பார்த்தார். நான் தாளை எடுத்து நீட்டினேன். விரல் ஓட ஆரம்பித்தது. அவர் படித்து முடிக்கும் வரை லாத்தா நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எனக்குக் கண்மாய் வேணும் மேடம். அதுமட்டுமில்ல, எம்பேர்ல எடுத்து நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னு ஆச்சுன்னா எம்மக நடுவழில நிக்கக் கூடாது. நான் நின்ன மாதிரி. அதுக்கு வழி உண்டுன்னா சொல்லுங்க. இல்லேன்னா நான் அங்குட்டு மீன்கடைல சுத்தம் பண்ற வேலைக்குப் போயிர்றேன்."

அவர் போன பிறகு கண்காணிப்பாளரையும் என்னையும் உட்காரவைத்துத் தாளைத் திருத்த ஆரம்பித்தார் அலுவலர். எங்கள் கண்காணிப்பாளர் விதிகளைக் கரைத்துக் குடித்தவர். எடுத்த எடுப்பிலேயே ஒரு விதியைப் போட்டார்.

"இதுக்கு மெனக்கெடவே வேண்டாம் மேடம். ஆண்பாலைச் சொன்னா அதுக்குள்ள பெண்பாலும் அடங்கும்னு பொதுச் சட்டத்துலயே இருக்கு."

"இருக்கு சார். அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வண்டியில உக்காந்து கேட்டவங்களுக்கு யார் சொன்னா?"

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பேனாவைத் திறந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

எல்லா 'அவன்' பக்கத்திலும் ஒரு சாய்கோடு போட்டு 'அவள்' என்று சேர்த்துவிடலாமா என்று நான் கேட்டேன். ஆங்கிலத் தாள்களில் அப்படித்தான் பார்த்திருக்கிறேன், மெத்தப் படித்த யோசனை என்று நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். அலுவலர் சிரித்துவிட்டார். "எதுக்குங்க அவ்வளவு பாடு? ஆங்கிலத்துக்காரங்கதான் அதுக்காக முட்டி மோதுறாங்க. நம்ம கிட்டதான் 'அவர்' இருக்கே. மரியாதையா எழுதினாப் போதும், ஆம்பளையா பொம்பளையான்னு கேக்க வேண்டிய தேவையே வராது. திருநங்கை ஒருத்தங்க வந்து எடுத்தாலும் அதே தாள் போதும்" என்றார். இத்தனை வருஷமாக அரசாங்கத்துக்குப் பணம் கட்ட வருகிற மனிதரை அவன் இவன் என்று தட்டச்சு செய்துகொண்டிருந்திருக்கிறோமே என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண்ணை விட்டுவிட்டோம் என்பது ஒருபக்கம். ஆணையாவது மதித்தோமா என்றால் அதுவும் இல்லை.

ஏலம் எடுத்தவன் குத்தகைதாரர் ஆனார். காவல்காரன் காவலாளி ஆனார். வலை இழுக்கும் ஆண் ஆட்கள் வெறும் ஆட்கள் ஆனார்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே சீராகத் துடைத்துவிடவில்லை அலுவலர். கரையில் மீன் பிரிக்க வரும் பெண்களுக்கு மறைவான கழிப்பிடம் அமைத்துத் தர வேண்டும் என்று ஒரு வரியைப் புதிதாகச் சேர்த்தார். அங்கே பெண்கள் என்றே இருக்கட்டும் என்றார். வாரிசு வரிக்கு வந்தபோது, ஆண் என்ற சொல்லை எடுத்துவிட்டு வாரிசு என்று விட்டால் தீர்ந்தது என்றார் கண்காணிப்பாளர். அதற்கும் அலுவலர் ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனை காலம் ஆண் வாரிசு என்றே கேட்ட காதுக்கு, வெறும் வாரிசு என்றாலும் ஆண் வாரிசு என்றுதான் விழும் என்றார். அதனால் "வாரிசு ஆணாயினும், பெண்ணாயினும், திருநராயினும்" என்று எழுதச் சொன்னார். எங்கே பொதுவாகச் சொல்ல வேண்டும், எங்கே பிரித்துச் சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு மத்தியானத்தில் நான் கற்றதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

திருத்திய தாள் கையெழுத்தாகி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. லாத்தாவுக்கு நானே போன் செய்து சொன்னேன். "மெய்யாவா சொல்றீக?" என்று இரண்டு தடவை கேட்டார். டெபாசிட் கட்டிவிட்டார்.

ஏல நாள் காலையில் கூட்ட அரங்கம் நிரம்பிவிட்டது. வழக்கமாக வரும் மீன் வியாபாரிகள் எல்லாரும் முன்வரிசையில். லாத்தாவின் கொழுந்தனும் வந்திருந்தார். லாத்தா மட்டும் கடைசி வரிசையில் ஜன்னலோரமாகத் தனியாக உட்கார்ந்திருந்தார். அந்த அரங்கில் கேட்க வந்த பெண் அவர் ஒருவர்தான். புதுச் சேலை கட்டி, முக்காட்டை இழுத்துவிட்டு, மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார்.

எங்கள் ஒன்றியத்தில் ஏலத்துக்கு முன்னால் நிபந்தனைகளை உரக்க வாசித்தாக வேண்டும். வாசிப்பவர் எங்கள் அலுவலக உதவியாளர். திருவிழா நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவர், மைக்கே வேண்டாம். அவர் வாசிக்காத ஏலத்தை இந்தச் சுற்று வட்டாரத்தில் யாரும் ஏலமாகவே மதிப்பதில்லை. புதுத் தாளை நான்தான் அவர் கையில் கொடுத்தேன், மாற்றியிருக்கிறது என்றும் சொன்னேன். "சரிக்கா" என்றார். எழுந்து நின்றார். தாளை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

ஆரம்பித்ததே "ஏலம் எடுத்தவன்" என்று.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மனுஷன் ஒருநாளும் தாளைப் பார்த்து வாசித்ததே இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அத்தனையும் மனப்பாடம். பழைய தாள் அவர் தொண்டையிலேயே இருந்தது. அவன், அவன் என்று அரங்கம் அதிர்கிறது, முன்வரிசையில் ஒருவர் போன் பார்க்கிறார், ஒருவர் கொட்டாவி விடுகிறார், கண்காணிப்பாளர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒருவர் காதிலும் ஏறவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர் லாத்தா மட்டும்தான். "அவனுடைய ஆண் வாரிசு" என்று வந்ததும் அவர் எழுந்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு சுவரோரமாக நடந்து வெளியே போய்விட்டார்.

வாசிப்பு முடிந்து முதல் ஆள் கேட்கவும் ஆரம்பித்துவிட்டார். அப்போது அலுவலர் கையை உயர்த்தினார். அவருக்கு முன்னால் புதுத் தாள் இருந்தது. வாசித்தது எதுவும் பொருந்தாததால் விரல் முதல் வரியிலேயே நின்றிருந்தது.

"நிறுத்துங்க. இப்ப வாசிச்சது இந்தத் தாள் இல்ல. மறுபடி வாசிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்."

முன்வரிசையில் முணுமுணுப்பு. கண்காணிப்பாளர் குனிந்து மெதுவாகச் சொன்னார், எனக்கும் கேட்டது.

"கையெழுத்துப் போட்ட தாள்தான் செல்லும் மேடம். வாசிக்கிறது சும்மா ஒரு வழக்கம். அதுக்காக ஏலத்தை நிறுத்துனா வீண் பேச்சு வரும்."

"அந்த வழக்கத்தைக் கேட்டுட்டு ஒருத்தங்க எழுந்து போயிட்டாங்க சார். அப்போ அவங்க வரைக்கும் எது செல்லுச்சு?"

அலுவலர் என் பக்கம் திரும்பினார். "அவங்களைக் கூட்டிட்டு வாங்க. அவங்க வந்த பிறகுதான் வாசிப்பு."

நான் ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஓடியது எனக்கே ஆச்சரியம். வாசல் கேட்டுக்கு வெளியே குட்டியானை வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. லாத்தா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார். கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"லாத்தா, இறங்கி வாங்க. அவரு பழசை ஒப்பிச்சுட்டாரு. மேடம் ஏலத்தையே நிறுத்திட்டாக."

"மாத்தியாச்சுன்னு சொன்னீக. நான் இந்தக் காதால கேட்டேன்."

"மாத்தியாச்சு. அந்த மனுசனுக்குத்தான் மாறல. நீங்க வந்தாத்தான் மறுபடி வாசிக்கணும்னு உக்காந்திருக்காக."

"எனக்காகவா நிப்பாட்டுனாக?"

ஆமாம் என்றேன். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். பிறகு டிரைவரிடம் வண்டியை அணைக்கச் சொல்லிவிட்டு இறங்கினார்.

இரண்டாவது வாசிப்பை நான் செய்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அலுவலர் வேண்டாம் என்றுவிட்டார். இந்த அரங்கம் நம்புகிற குரல் அவருடையதுதான், அந்தக் குரலில்தான் வர வேண்டும் என்றார். உதவியாளருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "தண்ணி குடிச்சுட்டு வாசிங்கண்ணே, அவசரமே இல்ல" என்று தன் பாட்டிலையே எடுத்து நீட்டினார் அலுவலர். திட்டியிருந்தால்கூட அந்த மனிதர் சமாளித்திருப்பார். பாட்டிலை வாங்கி ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார். சட்டைப்பையில் இருந்த கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்தார். குத்தகைதாரர் என்ற இடத்தில் ஒருமுறை ஏலம் எடுத்தவன் என்று நாக்கு புரண்டது. நிறுத்தி, திருத்திச் சொன்னார்.

அவருடைய வேகம் குறைந்ததால் ஒரு வேடிக்கை நடந்தது. எல்லாரும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வருஷக்கணக்காக ஏலம் எடுத்துவரும் வியாபாரி ஒருவர், "கண்மாய்ல மாடு தண்ணி குடிக்கிறதத் தடுக்கக் கூடாதுன்னா இருக்கு? இது எப்பச் சேத்தீக?" என்று கேட்டார். அது ஆதி காலத்திலிருந்தே இருப்பது. அரங்கமே சிரித்தது, கண்காணிப்பாளர்கூட. "ஆணாயினும், பெண்ணாயினும், திருநராயினும்" என்று வந்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். லாத்தா இந்தத் தடவை நாற்காலி நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஏலம் முதலிலிருந்து தொடங்கியது. லாத்தா முதல் தடவை கேட்டபோது குரல் கம்மியது, யார் கேட்டது என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த தடவை கம்மவில்லை. கொழுந்தன் எழுந்து, "மதினி கேக்குறாக, நான் கேக்கல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதைச் சொன்னதும் அவருக்கு ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. சிவகங்கையிலிருந்து வந்த வியாபாரி விடாமல் ஏற்றினார். லாத்தாவும் விடவில்லை. அந்தக் கண்மாய் எவ்வளவு கொடுக்கும் என்பது அந்த அரங்கில் இவர் ஒருவருக்குத்தான் சரியாகத் தெரியும், அந்த இடம் வரை நிதானமாகப் போனார். வியாபாரி கையைக் கீழே போட்டார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று உதவியாளர் முழங்கியபோது அந்த ராஜா குரல் திரும்பி வந்திருந்தது.

இந்த மாதிரி வேலையை எல்லாம் சொல் விளையாட்டு என்று சொல்கிறவர்களை நான் இப்போதும் பார்க்கிறேன். குழாய்த் தண்ணீர் வராத ஊரில் 'அவன்' இருந்தால் என்ன, 'அவர்' இருந்தால் என்ன என்பார்கள். நான் அவர்களோடு வாக்குவாதம் செய்வதில்லை, நேரடியாகச் சண்டைக்கே போய்விடுவேன். அன்றைக்கு அந்த அலுவலர் ஏலத்தை நிறுத்தாமல் இருந்திருந்தால் யாரும் அவரை ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். தாள் சரியாகத்தான் இருந்தது. தாள் சரியாக இருந்தால் போதாது, அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர் காதில் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்த ஓர் அதிகாரியின் கீழ் வேலை பார்த்தேன் என்பதில் எனக்குப் பெருமைதான்.

சில நாள் கழித்து ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட லாத்தா வந்தார். முத்திரைத்தாளில் எல்லாம் அச்சாகியிருந்தது. வாரிசு என்ற இடத்தில் யார் பெயர் என்று கேட்டேன். மகள் பெயரைச் சொன்னார். எழுதினேன். அலுவலர் வழக்கம்போல விரலை ஓட்டி முடித்து, தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தார். லாத்தா பேனாவை எடுக்கவில்லை. வாசலில் நின்ற உதவியாளரைப் பார்த்தார்.

"அண்ணே, அந்த வாரிசு வர்ற இடத்தை மட்டும் ஒருக்கா வாசிங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து வாசித்தார்.

"இன்னொருக்கா."

மறுபடி வாசித்தார். கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

லாத்தா கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு, அலுவலரிடமும் இல்லாமல் என்னிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்.

"இம்புட்டுத்தான எழுத வேண்டியிருந்துச்சு. இத முந்தியே எழுதியிருந்தா, அவுக மவுத்தான அன்னைக்கு நான் அவுகள மட்டும் நெனச்சு அழுதிருப்பேன்."